உப்புக்கிடங்குத் தெருவின் இரண்டாவது திரை

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கி, ஒன்றின் சுவரில் மற்றொன்று சாய்ந்தபடி ஒரே வரிசையாகக் கடல் பக்கம் ஓடுகிற வீடுகளைக் கொண்ட உப்புக்கிடங்குத் தெருவில், சந்தியாகு வாங்கி வந்த மானிட்டரில் தெரிய வேண்டிய படம் மானிட்டரில் தெரியாமல் பக்கத்து வீட்டுச் சுவரிலும், அதற்கடுத்த வீட்டுச் சுவரிலும், அப்படியே போய்க் கடைசி வீட்டு அடுப்பங்கரைச் சுவரிலும் விழுந்தது. ஏன் அப்படி விழுந்தது என்று கேட்டால் அந்தத் தெருவில் இன்றைக்கும் பதில் கிடைக்காது. எப்போது விழுந்தது என்று கேட்டால் மட்டும், மழை ஓய்ந்து உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்கியிருந்த தை மாதம் என்று ஆளுக்கு முந்திச் சொல்வார்கள்.

தெருவின் முதல் வீடு சந்தியாகுவுடையது. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த தனிக்கட்டை. வீடு வரைவது அவன் தொழில். ஊரிலுள்ள பொறியாளர்கள் மனையின் அளவையும் சொந்தக்காரரின் ஆசைகளையும் போனில் சொல்வார்கள், இவன் மடிக்கணினியில் வரைந்து அனுப்புவான், வீடு எழும்பும், பால் காய்ச்சுவார்கள், பந்தி போடுவார்கள், இவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடக் கூடாது என்ற எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை. இப்படி ஒரு ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பேர் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும், அவன் சாப்பிட்டானா என்று கேட்க ஒருவர் கிடையாது. சில நாட்களில் காலையில் கடையில் போய் 'பால்' என்று சொன்னதுதான் அன்று முழுக்க அவன் பேசிய பேச்சாக இருக்கும். அவன் தலையைக் கண்டதும் கடைக்காரர் பாலை எடுத்து நீட்டிவிட்டால் அதுவும் இல்லை.

மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தான். வரைபட மென்பொருள் சும்மா கிடைக்கிறதே என்று போட்டுக்கொண்டது, பிறகு அதன் கோணல்களுக்கும் பழகி, இப்போது அதை யாராவது குறை சொன்னால் மனசுக்குள் சண்டைக்குப் போகும் அளவுக்கு ஒட்டிப்போய்விட்டது. கண்தான் மங்க ஆரம்பித்திருந்தது. வீட்டின் ஒரு மூலையைப் பெரிதாக்கினால் மறு மூலை திரையை விட்டு ஓடியது. படுக்கையறையைப் பார்த்தால் படிக்கட்டு தெரியவில்லை. அதனால் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி வந்து, மேசையில் மடிக்கணினிக்கு வலப்பக்கம் வைத்து, கேபிளைச் செருகினான். 'சிக்னல் இல்லை' என்று ஒரு தடவை காட்டிவிட்டு அது கறுத்துப் போனது.

லினக்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் அதிசயம் இல்லை. அவன் கேபிளைக் கழற்றித் துடைத்துச் செருகினான், வேறு கேபிள் வாங்கிச் செருகினான், அணைத்துப் போட்டான், திரையில் டெர்மினல் என்கிற கறுப்புக் கட்டத்தைத் திறந்து கட்டளைகளைத் தட்டித் தட்டிக் கேட்டான். கேட்ட போதெல்லாம் மடிக்கணினி ஒரே பதிலைச் சொன்னது: இரண்டாவது திரை இருக்கிறது, வலப்பக்கம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தான், கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தான், லினக்ஸின் அடிமூலமான கெர்னலைப் புதிதாக்கினான், பிடிக்காமல் போய்ப் பழையதற்கே திரும்பினான். லினக்ஸ் பயனர் மன்றம் ஒன்றில் தன் குறையை எழுதிப் போட்டதும் எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத ஆட்கள் அக்கறையாக விசாரித்தார்கள், இதைச் செய்தீர்களா, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். கோளாறு தீரவில்லையே தவிர அந்த நாட்களில் அவனுக்குச் சோறு ருசித்தது. மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். வரைபடத்தை இழுத்துத் தள்ளினால் அதுவும் தாண்டிப் போய்விடும். எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக் கபிரியேல் அண்ணன் வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எத்தனையோ வருடமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தும் அந்த வாசலுக்கு அன்றுதான் வந்தார். கோபமாகவெல்லாம் வரவில்லை. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு போர்ட்டிகோவும் கார் நிறுத்துகிற இடமும் வந்திருக்கின்றன என்றும், அடுத்த வீட்டு சலேத்தம்மாள் இட்லி ஊற்றுகிற இடத்தில் யாருடைய படுக்கையறையோ வந்திருக்கிறது என்றும், பச்சைக் கோடும் சிவப்புக் கோடுமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார்.

"அம்புக்குறி ஒண்ணு அந்தோணியார் படத்துக்கு மேல வந்து நிக்கி. அத மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்துதியா?"

சந்தியாகு உள்ளே போய் மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, போதும், அங்கேயே இருக்கட்டும் என்று கபிரியேல் அண்ணன் மனைவியின் குரல் வந்தது. அன்று மாலை அவன் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைச் சுவர். அவர்கள் விரலை வைத்து வைத்துக் காட்டினார்கள், இதோ படி, இதோ தூண் என்றார்கள், அவனும் தலையாட்டினான், ஒன்றும் தெரியவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது, வரைந்தவனுக்குத்தான் தெரியவில்லை.

தெரு என்ன செய்தது என்று கேட்டால், இடம் ஒதுக்கிக் கொடுத்தது. காலண்டர் மாட்டிய ஆணிகளைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தார்கள்; சுவரோரம் நிறுத்திய அலமாரியை நகர்த்தினார்கள்; அம்பு வரும்போது குறுக்கே நிற்கக் கூடாது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்தார்கள்; பூனைகள் கொஞ்ச நாள் அம்பைத் துரத்தித் துரத்திச் சுவரைப் பிராண்டிவிட்டு, பிடித்தாலும் தின்பதற்கு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன; ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் சுவரைப் பார்த்துவிட்டு இந்த டிசைன் காகிதம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்; தீர்த்தம் தெளிக்க வந்த பங்குச் சாமியார் தெளித்து முடித்து, ஜெபம் சொல்லி, செருப்பைப் போடும்போது, ஆலய மண்டபத்துக்குக் கழிப்பறை வரைந்து தர அந்தத் தம்பிக்கு நேரம் இருக்குமா என்று விசாரித்தார். சுவரில் படம் வந்ததைப் பற்றி ஒருவரும் குறைப்படவில்லை. படத்தில் இருந்த வீடுகளைப் பற்றித்தான் ஓயாமல் குறைப்பட்டார்கள். அடுப்பங்கரைக்கு நேரே கக்கூஸை வைக்கிறானே, குளித்துவிட்டு வருகிற பொம்பிளை கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டுமா, மீன் கழுவ ஒரு இடம் வேண்டாமா என்று சலேத்தம்மாள் இட்லித் தட்டும் கையுமாக வந்து சந்தியாகுவின் வாசலில் நின்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் எழும்பிய வீடுகளில் மீன் கழுவ ஒரு திட்டு இருக்கும்.

வேலையும் நடக்க வேண்டுமே. வலப்பக்கம் போன கோடு வரைகிறவன் கண்ணுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களால் வரைய முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு தானாக உண்டாயிற்று. சந்தியாகு தன் சுவரைத் தட்டி, கோட்டை நகர்த்தப் போகிறேன், வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள் என்பான். கபிரியேல் அண்ணன் அதைச் சலேத்தம்மாளுக்குச் சொல்வார், சலேத்தம்மாள் அடுத்த வீட்டுக்குச் சொல்வாள், அப்படியே போய்ச் சேரும். கோடு சரியான இடத்துக்கு வந்ததும் அந்த வீட்டுக்காரர் நிறுத்து என்பார், அந்த நிறுத்து வீடு வீடாகத் திரும்பி அவன் காதுக்கு வருவதற்குள் கோடு கொஞ்சம் தாண்டியிருக்கும். அதனால் அந்தக் காலத்தில் வரைந்த வீடுகளில் அறைகளெல்லாம் கேட்டதைவிட ஒரு பிடி பெரிதாகவே அமைந்தன. பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள், குடியிருக்கப் போனவர்களுக்கு அது பிடித்திருந்தது.

அளவுகளை எழுதுகிற வரிசை வரைபடத்தின் வலது ஓரத்தில் வரும். அது விழுந்தது கடைசி வீட்டில், பிரகாசி அக்காவின் அடுப்பங்கரையில். அவள் புருஷன் கப்பலில் போய் அங்கேயே ஏதோ ஒரு துறைமுகத்தில் தங்கிவிட்டவன், மகன் குவைத்தில். அந்த வீட்டுக்கு அப்பால் பழைய உப்புக்கிடங்கின் இடிந்த மதில்தான், அதனால் வழிப்போக்கர்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. தெருக்காரர்கள் அவளைக் கோயிலில் பார்ப்பார்கள், தலையசைப்பார்கள், அவளும் அசைப்பாள். அளவு வாசிக்கிற வேலை வந்ததிலிருந்து அவள் கண்ணாடி வாங்கிக்கொண்டாள், காலையிலேயே குளித்துத் தலை சீவி, தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை அவள் குரல் சந்தியாகுவின் வீடு வரைக்கும் நேராகவே வந்துவிட்டது, நடுவில் யாரும் கடத்த வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு பெரிய குரல் இந்தப் பொம்பிளைக்கு இருந்திருக்கிறதே என்று கபிரியேல் அண்ணன் ஆச்சரியப்பட்டார். ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான், எல்லோரும் முறைப்படி கடத்தினார்கள்.

சந்தியாகுவின் நாட்கள் ஓசையால் நிறைந்தன. காலையில் சுவரைத் தட்டினால் பதில் வரும். இன்றைக்கு என்ன வீடு, யார் வீடு, அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேள்வி வரும். தும்மினால் அந்தப் பக்கமிருந்து ஆண்டவர் காப்பாற்றட்டும் என்று வரும். வெள்ளிக்கிழமை மீன்குழம்பு ஒரு கிண்ணத்தில் வந்தது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் உட்காரச் சொன்னார்கள். மனிதர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்பதையே அவன் மறந்திருந்தான். மானிட்டர் மட்டும் மேசையில் கறுப்பாக நின்றது, அதற்கு எதிரே உட்கார்ந்தால் அவன் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் வீட்டில் ஒட்டடை அடிக்கும்போதுதான் அவன் அதைக் கண்டான். மானிட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தவன் விரலில், அதன் சட்டத்துக் கீழ் உதட்டின் உட்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பித்தான் பட்டது. அமுக்கினான். திரையில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அந்த மானிட்டருக்குப் பின்னால் இரண்டு துளைகள். அலுவலகத்துக்காரர்கள் பழைய காலத்துத் துளையில் கேபிள் செருகி வைத்திருந்தார்கள், மானிட்டர் இன்னும் அந்த வெற்றுத் துளையையே பார்த்துக்கொண்டு அதன் வழியாகத்தான் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தது. சந்தியாகு கேபிளைச் செருகியிருந்தது மற்றதில். லினக்ஸ் வைத்திருக்கிற எவனும் செய்கிற தப்பு இது. எது கெட்டாலும் லினக்ஸ்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, அவனும் அதை நம்பி, கெர்னல் வரைக்கும் தோண்டிப் பார்த்தானே தவிர, மானிட்டரிடம் நீ எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது துளையைத் தேர்ந்தெடுத்தான். மானிட்டர் ஒளிர்ந்தது. ஒரு முழு வீடு, போர்ட்டிகோவிலிருந்து பின்வாசல் வரைக்கும், மீன் கழுவும் திட்டோடு, ஓரத்தில் அளவுகளோடு, ஒரே பார்வையில் தெரிந்தது. தான் வரைந்ததை அவன் அன்றுதான் முழுதாகப் பார்த்தான். அழகாக இருந்தது. அதே நேரம் பக்கத்துச் சுவர் வழியாகக் கபிரியேல் அண்ணன் இங்கே படம் போய்விட்டது என்றார், சலேத்தம்மாள் இங்கேயும் இல்லை என்றாள், அந்தச் செய்தி வீடு வீடாக அவனை விட்டு விலகிக் கடைசி வீடு வரைக்கும் போனது.  அவன் மறுபடி பித்தானை அமுக்கி மானிட்டரைப் பழைய துளைக்கே திருப்பினான். கறுத்தது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சுவர்களுக்குப் பின்னாலிருந்து குரல்கள் திரும்பி வந்தன.

இனி அவனுக்குத் தெரியும். பித்தானை அமுக்கினால் வேலை சுளுவாக முடியும், கோடு தாண்டாது, பொறியாளர் முணுமுணுக்க மாட்டார், யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது. மன்றத்தில் ஒரு நல்ல மனுஷன், கோளாறு சரியாகிவிட்டதா, சரியாகியிருந்தால் 'தீர்ந்தது' என்று குறித்துவிடுங்கள், மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதியிருந்தார். சந்தியாகு அதைப் படித்துவிட்டு மூடினான். மறுநாள் காலை வழக்கம்போலச் சுவரைத் தட்டி, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான்.

ஆனால் பார்த்த கண் சும்மா இருக்குமா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண்ணயரும் நேரத்தில் அவன் பித்தானை அமுக்குவான், கோணலாய்ப் போன கோடுகளைச் சரிசெய்வான், முழு வீட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருப்பான், மறுபடி பழைய துளைக்கே திருப்பிவிடுவான். மத்தியானத்தில் சுவருக்கும் தூக்கம் வருகிறது என்று தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. காலையில் அவன் தெரிந்த அளவையே தெரியாதவன் மாதிரிக் கேட்டான், அவர்கள் மெனக்கெட்டு எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். சலேத்தம்மாள் அடுப்பில் இட்லியைப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். கபிரியேல் அண்ணன் இடுப்பு வலியோடு எழுந்து வந்து சொன்னார். அவனுக்குக் கூசியது. கூசினாலும், சாயங்காலம் வெறும் அறையில் உட்கார்ந்திருக்கிற பழைய நாட்களை நினைத்தால், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தோன்றும்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் அவன் மானிட்டரை ஒளிரவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாத்தியும் சாத்தாமலும் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு பிரகாசி அக்கா உள்ளே வந்தாள். முழுத் தெருவையும் அந்த வெயிலில் நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சிரைத்தது. அவளுக்குப் பகலில் தூக்கம் வராது. தினமும் இதே நேரத்தில் சுவர் அணைந்து போவதைப் பார்த்துப் பார்த்து, தனியாகக் கிடக்கிற ஆளாயிற்றே, மயங்கி விழுந்து கிடந்தால்கூட யாருக்குத் தெரியும் என்று மனசு கேட்காமல் கிளம்பி வந்திருந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். பித்தானைத் தேடிய சந்தியாகுவின் கை பாதியில் நின்றது.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து, திரையின் வலது ஓரத்தில் எழுதியிருந்த எண்களின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இது எங்க அடுப்பங்கரையில்லா."

"ஆமாக்கா."

"ஒங்களுக்குத் தெரியுது."

"தெரியுதுக்கா. ஈஸ்டருக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சு. நாந்தான் சொல்லல."

 தன் சுவரில் மட்டும் பார்த்திருந்தவள் இப்போது இடது பக்கமாகக் கண்ணை ஓட்டி, சலேத்தம்மாளின் படுக்கையறையையும், கபிரியேல் அண்ணனின் போர்ட்டிகோவையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் சந்தியாகு எல்லாவற்றையும் சொன்னான். எந்தப் பித்தான், எந்தத் துளை, துடைக்கும்போது எப்படித் தற்செயலாக விரலில் பட்டது, காலையில் சுவரைத் தட்டும்போதெல்லாம் எப்படி நாக்கு கூசுகிறது என்றெல்லாம் சொல்லி, இன்றைக்கே எல்லா வீட்டிலும் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவதாகவும், இனி யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றும் சொல்லி முடித்தான். முடித்தபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"எம்மவன் ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான் தம்பி" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நல்லாருக்கியாம்மாம்பான். நல்லாருக்கேம்பேன். அம்புட்டுத்தான். மத்த நாள் பூரா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கதுக்கு ஆளு கெடயாது. நீங்கதான் கேட்டிய, எத்தன அடிக்கா, எத்தன அங்குலம்க்கான்னு."

  பிறகு அவள் அந்தப் பித்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், அவன் காட்டினான். அவள் மானிட்டரின் உதட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, கண்டுபிடித்து, அவன் சொன்ன வரிசையில் நிதானமாக அமுக்கினாள். வீடு மறைந்தது. 'சிக்னல் இல்லை' என்று வந்தது, அதுவும் போனது. கறுத்த கண்ணாடியில் இரண்டு முகங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"நான் வீடு போய்ச் சேருதவரைக்கும் பொறுத்துக்கிடுங்க" என்றாள். "வெயிலு. மெதுவாத்தான் நடப்பேன்."

அவன் வாசல் வரைக்கும் வந்து, அவள் சுவர் நிழலை ஒட்டி நடந்து கடைசி வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வந்து மவுஸைப் பிடித்து, அம்பை வலப்பக்கம் தள்ளி, விளிம்பைத் தாண்டவிட்டான். கபிரியேல் அண்ணன் வீட்டில் குறட்டை கேட்டது. அம்பு அந்தக் குறட்டையைத் தாண்டி, ஆறிக்கிடக்கும் இட்லிப் பானையைத் தாண்டி, தூங்குகிற வீடு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். சுவரைத் தட்டி, ஜன்னலோர அளவு எவ்வளவு என்று தெருக் கடைசிக்கே எட்டுகிற மாதிரிக் கேட்டான்.

தெருக் கடைசியிலிருந்து அவள் குரல் வந்தது. பதினோரு அடி நாலு அங்குலம். தூங்குகிற தெரு முழுவதையும் ஒரே வீச்சில் கடந்து, ஒரு எழுத்துச் சிதையாமல் வந்து அவன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வீடுகள் ஒவ்வொன்றாக முழித்து, கொட்டாவியோடு அந்த எண்ணைக் கைமாற்றின. சலேத்தம்மாள் தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். குறட்டை நின்று, கட்டில் முனகி, சுவருக்கு அந்தப் பக்கம் கபிரியேல் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பதினோரு அடி நாலு அங்குலமாம்டே."

சந்தியாகு அதை ஏற்கெனவே தட்டி முடித்திருந்தான். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவரோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டான்.

"சரியாக் கேக்கலண்ணே" என்றான். "அக்காவ இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."